வால்வுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று மத்தியானத்துக்கு மேல் திருப்பூரில் மிஷின் ஓடாது. வருஷத்தின் மற்ற நாட்களில் நிட்டிங்கோ, தையலோ, சாயப்பட்டறை மோட்டாரோ, ஏதாவது ஒன்று எங்காவது இரைந்துகொண்டுதான் இருக்கும். அன்றைக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, பஞ்சுத் தூசியைக் காற்றடித்துத் தள்ளி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டுவிடுவார்கள். மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை முடிந்துதான் ஸ்விட்சில் கை வைப்பது. இடைப்பட்ட நேரத்தில் ராயபுரம் தெருக்களில் காக்கை கரைவது கேட்கும். நாலு வீடு தள்ளித் தாளிப்பது கேட்கும்.

ரத்தினசாமி அந்த அமைதிக்காக எட்டு மாதமாகக் காத்திருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பதினாறு வயதில் நிட்டிங் ஃபிட்டரிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவர், இப்போது ஊர் ஓரம் நெருப்பெரிச்சலில் எட்டு மிஷின் சொந்தமாகப் போட்டிருந்தார். ஒரு மிஷினில் இரண்டாயிரத்துக்கு மேல் ஊசி. அதில் ஒன்றின் நாக்கு ஒடிந்தாலும் சத்தத்தில் தெரிந்துவிடும் அவருக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அஞ்சாவதுல ஊசி போயிருச்சு பாருங்கடா" என்பார். பார்த்தால் போயிருக்கும். அந்த வருஷம் மட்டும் இரண்டு தடவை ஊசி ஒடிந்தது தெரியாமலே மிஷின் ஓடி, துணியில் ஊசிக்கோடு விழுந்து சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. ஆப்பரேட்டர்கள் தூங்குகிறார்கள் என்று அவர்களைத் திட்டினார்.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு பித்து. கூடத்து மேஜையில் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஒரு வால்வு செட்டும், இசைத்தட்டுச் சுழலும் பெட்டியும், இரண்டு பெரிய ஸ்பீக்கரும் இருந்தன. டென்மார்க்குக் கம்பெனி ஒன்றுக்காகத் துணியைச் சோதித்து வாங்க வந்து ஆறு வருஷம் இதே தெருவில் குடியிருந்த யென்ஸ் என்ற மனிதர், ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. கூடவே நாற்பது ஜாஸ் தட்டுகள். செட்டின் தலைமேல் நாலு கண்ணாடி வால்வுகள், நாலு சின்னச் சீசாக்களைப் போல நிற்கும். ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடாது. உள்ளே கம்பி மெல்லச் சிவந்து, கண்ணாடி சூடேறி, ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வாய் திறக்கும்.

"சோத்துக்கு ஒலை வெச்சாப்பல உக்காந்திருக்காரு பாருங்க" என்பாள் அவர் மனைவி சுப்புலட்சுமி. அவளுக்கு அந்தச் சங்கீதம் பிடிபடவில்லை. "பாட்டே இல்லாத பாட்டு. எப்பத் தொடங்குச்சு, எப்ப முடிஞ்சுதுன்னே தெரியறதில்லை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவருக்குப் பிடித்தது டிரம்காரரின் வேலை. அடிக்கிற குச்சியை வைத்துவிட்டு, கம்பிகளால் ஆன சின்னத் துடைப்பம் போன்ற ஒன்றை எடுத்துத் தோலின்மேல் தடவுவார் அந்த ஆள். ஸ்ஸ், ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நன்றாக எண்ணெய் போட்ட மிஷின் ஓடுவதுபோல ரத்தினசாமிக்கு அது நிம்மதியாக இருக்கும். அந்த வருஷம் மின்வெட்டு. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அவர் கம்பெனியில் இருந்தார். வீட்டில் இருக்கும் நேரம் கரண்ட் இல்லை. எட்டு மாதம் செட்டின்மேல் போர்த்திய துண்டு எடுக்கப்படவேயில்லை.

விஜயதசமி காலையில் வீட்டு மறுபூஜை முடிந்தது. கம்பெனி மறுபூஜைக்குச் சாயங்காலம்தான் நல்ல நேரம். கரண்ட் இருந்தது. ரத்தினசாமி துண்டை எடுத்தார். நாலு வால்வுக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "சுப்பு, இங்க பாரு, வால்வுக்கெல்லாம் கலியாணம்" என்றார். பனியன் துணியால் ஒவ்வொன்றையும் பூப்போலத் துடைத்தார். சந்தனம் உலர்ந்து உதிர்ந்தது. ஸ்விட்சைப் போட்டு, வால்வுகள் சிவக்கும்வரை இருந்து, தட்டில் முள்ளை வைத்தார்.

பியானோ வந்தது. பாஸ் வந்தது. சாக்ஸபோன் வந்தது. கண்ணை மூடியிருந்தவர் திறந்தார். முள்ளை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். வேறு தட்டைப் போட்டார். எழுந்து ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டினார். டிரம்மின் தடித்த சத்தம் இருந்தது. அந்த ஸ்ஸ் மட்டும் இல்லை. வீட்டில் ஒரு ஆளைக் காணோம் என்பதுபோல அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சுப்பு, இந்தச் செட்டை ஆரு தொட்டது?"

சமையலறை வாசலிலிருந்து பழனாத்தாள்தான் பதில் சொன்னாள். "நானுங்க அண்ணா."

பழனாத்தாள் கம்பெனியில் கூட்டித் துடைப்பவள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கும் வருவாள். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ப் பன்னிரண்டு வருஷம். மகன் மங்கலத்தில் தறி ஓட்டிக்கொண்டு அங்கேயே இருந்தான். கணவன் போனதற்கு அடுத்த ஆயுத பூஜையில், எல்லா மிஷினையும் தேய்த்துத் துடைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை இன்னொருத்தி கையில் கொடுத்து ஒதுங்கி நின்றாள். ரத்தினசாமிதான் கிண்ணத்தை வாங்கித் திரும்ப அவள் கையில் வைத்தார். "தொடைச்ச கைதான் பொட்டு வெக்கோணும்" என்றார். அன்றிலிருந்து பதினோரு வருஷமாகக் கம்பெனிக்கும் வீட்டுக்கும் அவள் கைதான்.

"நேத்து நீங்கதான போன்ல சொன்னீங்க, ஊட்ல இருக்கற மிசினுக்கெல்லாம் நீயே பொட்டு வெச்சிருன்னு. துண்டை எடுத்தனுங்க. ஈரத் துணீல தொடைச்சுப் போட்டு ஆளுக்கொண்ணு வெச்சனுங்க. பாக்கறதுக்கு நாலு அம்மனாட்ட இருந்துச்சுங்க."

"ஈரத் துணியா?"

"நல்லாப் புழிஞ்சுதானுங்க தொடைச்சேன்."

கூடத்தில் பொரியும் சுண்டலும் வாங்கிப் போக வந்த இரண்டு ஆப்பரேட்டர்கள் நின்றிருந்தார்கள். சுப்புலட்சுமி தட்டில் பொரி அள்ளிக்கொண்டிருந்தாள். ரத்தினசாமி கத்தவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

"தாலியறுத்தவ கையில பொட்டு வெக்கச் சொன்னேன் பாரு. என்னையச் சொல்லோணும்."

சுப்புலட்சுமியின் கையிலிருந்த தட்டு சாய்ந்து பொரி தரையெல்லாம் ஓடியது. ஆப்பரேட்டர்களில் ஒருவன் பீகார்க்காரன்; தமிழ் தெரியாது. அவனும் பழனாத்தாளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இசைத்தட்டு மட்டும் சுழன்று பாடிக்கொண்டே இருந்தது.

பழனாத்தாளின் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தெரிந்த வீட்டுக்குள் நுழைந்து ஆளே மாறியிருப்பதைப் பார்த்தவள்போல நின்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாரனுங்க அக்கா" என்று சுப்புலட்சுமியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவளுக்கென்று கட்டி வைத்திருந்த பொரிப் பொட்டலம் ஜன்னலிலேயே இருந்தது.

ஆப்பரேட்டர்களும் போன பிறகு சுப்புலட்சுமி கேட்டாள்.

"ஏனுங்க, அது உங்க வாயில இருந்தா வந்துச்சு?"

அவர் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவத்தொம்பது வருசமா இந்த ஊட்ல இருக்கறேன். மிசின்ல வெரலு போயி ரத்தம் கொட்டினப்பக்கூட நீங்க ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை."

"செட்டு போயிருச்சு சுப்பு."

"செட்டுத்தானுங்க போச்சு" என்றாள் அவள். குனிந்து பொரியைக் கூட்டத் தொடங்கினாள்.

சாயங்காலம் கம்பெனி மறுபூஜையில் தேங்காயை அவரே உடைத்தார். மிஷின்களில் முந்தின நாள் பழனாத்தாள் வைத்த பொட்டு இருந்தது. எட்டும் ஓடத் தொடங்கியபோது அவர் அந்தப் பொட்டுகளைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார். சொன்ன வார்த்தை அவருக்கே சுட்டது. ஆனால் செட்டு கெட்டுப்போனது நிஜம் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு இருக்கிறவரை மன்னிப்புக் கேட்க வேண்டாம் அல்லவா. மனுஷ மனம் தனக்கு இப்படி ஒரு முட்டுக் கொடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் ஆறுமுகசாமி வந்தார். எழுபத்திரண்டு வயது ரேடியோ மெக்கானிக். ஊரில் வால்வு பார்க்கத் தெரிந்த கடைசி ஆள் என்று அவரே சொல்லிக்கொள்வார். செட்டைக் கவிழ்த்து, மீட்டரை வைத்து, ஒவ்வொரு இடமாகத் தொட்டார். கையோடு கொண்டுவந்த வேறு வால்வுகளை மாற்றிப் போட்டார்.

"எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. முள்ளு நல்ல முள்ளு. வால்வு குதிரையாட்ட இருக்குது."

"சத்தம் கொறையுதுங்கறனே. கேட்டுப் பாருங்க. அந்தக் கம்பிச் சத்தம் வருதா?"

"என்னையக் கேக்காதீங்க. என்ற சம்சாரம் சோறுண்ணக் கூப்படறதே எனக்குக் கேக்கறதில்லை. அவ வந்து தோளைத் தட்டுவா. நான் மீட்டரைப் பாத்துச் சொல்றேன். மீட்டருக்குக் கெழடு தட்டாதுங்க."

"ஈரத் துணி பட்டிருக்குதுங்க."

"பட்டா என்னங்க? ஆறிக் கெடந்த கண்ணாடி. நானே வாரத்துக்கு ஒருக்கா தொடைப்பேன்." ஆறுமுகசாமி ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். "இல்லாத நோவுக்கு எப்படிங்க மருந்து குடுக்கறது?"

ரத்தினசாமி அவரை நம்பவில்லை. சமையலறையிலிருந்து கேட்ட சுப்புலட்சுமி நம்பினாள்.

மறுநாள் அவள் ஜன்னலில் இருந்த பொரிப் பொட்டலத்தையும், ஒரு தூக்கில் புதிதாக வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலையும் எடுத்துக்கொண்டு நெருப்பெரிச்சலுக்கு மினி பஸ் ஏறினாள். அங்கே குடியிருந்த பழனாத்தாள் அன்றிலிருந்து கம்பெனிக்கும் போகவில்லை. ஒரே வரிசையில் இருந்த ஆறு ஓட்டு வீடுகளில் கடைசி வீட்டு வாசலில் உட்கார்ந்து ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய்ப் பாய் கொண்டுவந்து போட்டாள்.

"பொரி நமுத்துப் போயிருக்கும். வறுத்துக்க" என்றாள் சுப்புலட்சுமி. வேறு எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அவுரு பேசுனது தப்பு பழனாத்தா. மனசு கேக்காமத்தான் வந்தேன். அந்தச் சத்தம் போயிருச்சுன்னு சோறு தண்ணி இல்லாம உக்காந்துக்கறாரு."

"எந்தச் சத்தமுங்க அக்கா?"

"எனக்கென்ன தெரியும். பின்னால ஏதோ கம்பில தடவறானாமா."

பழனாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். "மொறத்துல பொடைக்கறாப்பல வருமே, அதுங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருசமா ஊடு கூட்டறேன். அவுரு போட்டுட்டே இருப்பாரு. எனக்கு அது ஒண்ணுதான் பாட்டுல புரிஞ்சுது. அது வந்தா என்ற கையும் அதே வேகத்துல கூட்டும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அது எங்கீங்க போச்சு? அன்னைக்கும் வந்துச்சே. அவுரு என்னையப் பேசறப்பவும் வந்துட்டே இருந்துச்சுங்க."

சுப்புலட்சுமி அவளையே பார்த்தாள். பாயிலிருந்து எழுந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று மாலை நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. ரத்தினசாமி கம்பெனியிலிருந்து சாப்பிட வந்திருந்தார். அவர் கை கழுவியதும் சுப்புலட்சுமி சொன்னாள்.

"அந்தச் செட்டைப் போடுங்க."

"நீ எதுக்கு?"

"அந்தச் சத்தம் மொறத்துல பொடைக்கறாப்பல இருக்குமுங்களா?"

அவர் திகைத்தார். "ஆரு சொன்னா?"

"போடுங்க. வந்தா வெரலத் தூக்கறேன். போனா எறக்கறேன்."

வால்வுகள் சிவந்தன. சுப்புலட்சுமி தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, கையை மடிமேல் வைத்துக்கொண்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் அந்தக் கூடத்தில் பாட்டுக் கேட்க உட்கார்ந்திருந்தாள்.

பியானோ தனியாக வந்தது. விரல் மடிமேலேயே இருந்தது. பாஸ் சேர்ந்தது. விரல் அசையவில்லை. சாக்ஸபோன் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் விரல் மேலே எழுந்தது.

ரத்தினசாமி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். டிரம்காரர் அந்தக் கம்பித் துடைப்பத்தை எடுக்கும் இடம் அதுதான். தட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். நடுவில் பியானோ மட்டும் பேசும் இடம் வந்தது, விரல் இறங்கியது. மறுபடி எல்லோரும் சேர்ந்தார்கள், விரல் ஏறியது. அவர் முள்ளை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். வேறு தட்டைப் போட்டார். இன்னொன்றைப் போட்டார். அந்த இடங்களை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு இடத்திலும் விரல் சரியாக எழுந்தது, சரியாக விழுந்தது.

"இப்ப வருதா?"

"வருதுங்க."

"இப்ப?"

"ஏனுங்க, நல்லாத்தான வருது" என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணைத் திறந்தாள். அவர் ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். காது துணியில் ஒட்டியிருந்தது. தூக்கிய விரல் அப்படியே அவள் வாய்க்குப் போனது.

முள் கடைசி வளையத்துக்குப் போய் அங்கேயே சுற்றியது. அப்போதுதான் ரத்தினசாமிக்கு ஊசிக்கோடு விழுந்த துணிகள் நினைவுக்கு வந்தன. அந்த ஆப்பரேட்டர் பையன்கள், "நாங்க தூங்கலீங்க அண்ணா" என்று நின்றது நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் பழனாத்தாளின் முகம் வந்தது. அவர் எழுந்து செட்டை அணைத்தார். வால்வுகள் உடனே அணையவில்லை. கொஞ்ச நேரம் சிவந்திருந்து பிறகு கறுத்தன.

காது டாக்டர் ஒரு அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். பேச்சு கேட்கும், கூரான சத்தங்கள் போய்விட்டன, போனது திரும்பாது என்றார்.

"எத்தனை வருசமா மிஷின்கிட்ட இருக்கீங்க?"

"முப்பத்தொம்பதுங்க."

"காதுக்கு ஏதாவது வெச்சுக்குவீங்களா?"

ரத்தினசாமி இல்லையென்று தலையை ஆட்டினார். வெளியே வந்து சுப்புலட்சுமியிடம் சொன்னார். "ஊரே பஞ்சு சுப்பு. மூக்குல பஞ்சு, சோத்துல பஞ்சு. காதுல வெக்க ஒரு துணுக்கு எடுக்கோணும்னு ஒருத்தனுக்கும் தோணலை பாரு."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவளை பஸ் ஏற்றிவிட்டு நேராக நெருப்பெரிச்சல் போனார். பழனாத்தாள் வாசலில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவளால் ஆகாது.

"செட்டுக்கு ஒண்ணுமில்லை பழனாத்தா."

"தெரியுமுங்க."

"என்ற காதுதான் போயிருச்சு. டாக்டரு சொல்லிட்டாரு. திரும்பாதாமா."

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. "அட முருகா. ஏனுங்க அண்ணா, காதை வெச்சுத்தான உங்க தொழிலே." அந்த ஒரு நொடி அவள் தன் மனவருத்தத்தை மறந்தே போனாள். அதைப் பார்த்ததும் ரத்தினசாமி சொம்பைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை இருக்குதல்ல..."

"அதை மறுக்காச் சொல்லிப்போடாதீங்க" என்றாள் அவள் அவசரமாக. "ஒருக்கா கேட்டது போதும். உங்களுக்குக் கேக்கமாட்டீங்குதுன்னு கஷ்டம். எனக்கு, கேட்டது போகமாட்டீங்குது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சந்தன வில்லைப் பொட்டலத்தையும் குங்குமத்தையும் எடுத்துச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அடுத்த வருசமும் உன்ற கைதான் வெக்கோணும். நான் கேட்டுக்கறேன்."

"அடுத்த வருசம் அடுத்த வருசமுங்க" என்றாள் பழனாத்தாள். பொட்டலத்தை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "நாளைக்குக் கம்பெனிக்கு வாரனுங்க. பசங்க குப்பையில கெடப்பாங்க. ஊட்டுக்கு வாரதுக்கு மனசு வரோணும்."

"செரி" என்றார் அவர்.

மறுநாள் கம்பெனியில் ஆப்பரேட்டர்கள் எல்லோருக்கும் காதில் செருகிக்கொள்ளும் அடைப்பான் வாங்கிக் கொடுத்தார். பீகார்ப் பையன் மாட்டிக்கொண்டு, கேட்காதவன்போல் தலையாட்டிச் சிரித்தான். திட்டு வாங்கிய பையன்களிடம், "தப்பு என்ற காதுலடா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பழனாத்தாள் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. கரண்ட் இருந்தது. ரத்தினசாமி பழக்கத்தில் செட்டைப் போட்டுவிட்டு, வால்வு சிவப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாதிதான் கேட்கிற பாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் தோன்றியது.

கொல்லைக் கதவு திறந்தது. "அக்கா, மொறம் எங்கீங்க? இந்த வாட்டி ரேசன் அரிசி வெறும் கல்லு. எங்கூட்டு மொறத்துல பொத்தல்" என்று பழனாத்தாளின் குரல் கேட்டது. சுப்புலட்சுமி ஒன்றும் கேட்காமல் முறத்தை எடுத்துக் கொடுத்தாள். பழனாத்தாள் அடுப்படியில் உட்காரவில்லை. கூடத்து வாசற்படிக்கு வந்து, ரத்தினசாமிக்கு நேர் எதிரே, அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்து அரிசியைக் கொட்டினாள். அவரை அவள் பார்க்கவில்லை.

அவர் முள்ளை வைத்தார். பியானோ வந்தது. பாஸ் வந்தது. முறம் அவள் மடியில் சும்மா இருந்தது.

சாக்ஸபோனுக்கு ஒரு நொடி முன்னால் முறம் எழுந்தது. அரிசி ஒரு அலையாக மேலே போய்த் திரும்ப வந்து விழுந்தது. மறுபடி எழுந்தது, விழுந்தது. சீராக, ஒரு அடி பிசகாமல். முறத்தின் சத்தமும் தன் காதுக்கு வரவில்லை என்று ரத்தினசாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் அரிசியையே பார்த்தார். அது ஏறி விழும் ஒவ்வொரு தடவையும், எங்கோ உள்ளே, டிரம்காரர் கம்பியால் தோலைத் தடவினார். பியானோ தனியாகப் பேசும் இடத்தில் முறம் நின்றது. பிறகு எழுந்தது.

சுப்புலட்சுமி அடுப்படி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தட்டு முடிந்தது. முறத்தில் ஒரு கல் இல்லை, ஒரு உமி இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது அரிசி. ரத்தினசாமி எழுந்து முள்ளை எடுக்கப் போனார்.

"இன்னொரு பக்கமும் போடுங்க அண்ணா" என்றாள் பழனாத்தாள், முறத்தைப் பார்த்தபடியே. "அரிசி இன்னும் சுத்தமாகலீங்க."